சபுராளி வீட்டு டேப்பும் ப்ளூடூத் ஸ்பீக்கரும்

(லால்பேட்டையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் சிதம்பரத்தில் ரேடியோ, டேப், ஆம்பிளிஃபயர் பழுதுபார்க்கிறவன். மேடைப் பேச்சு என் தொழில் இல்லை. ஆனாலும் இந்த ஊரில் வந்து இதைச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. காரணம், என் மேசைக்கு வரும் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பழைய டூ-இன்-ஒன் பெட்டிகளில் பெரும்பகுதி லால்பேட்டையிலிருந்தும் காட்டுமன்னார்கோயில் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வருபவை. சவுதி, துபாய், குவைத் என்று சபுர், அதாவது பிழைப்புக்காக வெளிநாடு, போன அத்தாக்களும் அண்ணன்மார்களும் வாங்கிவந்த பெட்டிகள். பரண்மேல் துணி போட்டு மூடி வைத்திருப்பீர்கள். பக்கத்திலேயே ஒரு பிஸ்கட் டின்னில் கேசட்டுகள் இருக்கும். கூடத்திலோ இப்போது பேரப்பிள்ளை வாங்கிய ப்ளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது.

வீட்டுக்கு வீடு நடப்பது இதுதான். பெட்டியின் சொந்த ஸ்பீக்கர் கிழிந்திருக்கும், அல்லது காகிதக் கூம்பு கரகரக்கும். புது ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கலாமே என்று பெரியவர் கேட்பார். 'அது பழசு, இதுல சேராது' என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அடுத்த முறை வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பெட்டி பழைய இரும்புக்காரரிடம் போய்விடும். கேசட்டுகளும் கூடவே போய்விடும்.

சேரும். கட்டாயம் சேரும். சில நூறு ரூபாய்ச் செலவில் சேரும்.

எப்படி என்று சொல்வதற்கு முன், அந்த டின்னில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாகூர் ஈ.எம்.ஹனிபா பாட்டு இருக்கும். உலமாக்களின் பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு, இருக்கும். ஜாமிஆ மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரி இருக்கிற ஊரில் அது இல்லாமல் இருக்குமா! இளையராஜா பாட்டைக் கடையில் கொடுத்துப் பதிந்த தொண்ணூறு நிமிடக் கேசட் இருக்கும். இவற்றில் ஹனிபா பாட்டு தொலைந்தாலும் திரும்பக் கிடைத்துவிடும். அவர் 2015 ஏப்ரலில் மறைந்த பிறகும் அவர் குரலை எந்த மொபைலிலும் தேடி எடுக்க முடிகிறது. ஆனால் அதே டின்னில் லேபிள் இல்லாமல், அல்லது நீல மையில் ஒரு பெயர் மட்டும் எழுதி, ஒன்றிரண்டு கேசட் கிடக்கும். அவைதான் பேச்சுக் கடிதங்கள்.

இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து போன் பேசுவது எளிதில்லை. தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்துகள் வந்ததே அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் கடிதத்தை வேறு யாராவது படித்துக் காட்ட வேண்டும். மனைவிக்கு எழுதினாலும் அது கூட்டுக் குடும்பத்தில் எத்தனையோ கைமாறித்தான் அவர் கைக்கு வரும். அதனால் அறையில் இருக்கும் டேப்பில் கேசட்டைப் போட்டு, இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திவிட்டு, மனிதர்கள் பேசினார்கள். ஊருக்குப் போகிற நண்பரிடம் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் அதைக் கேட்டுவிட்டு, மறுபக்கத்தில் குழந்தையின் மழலையையும், புதிதாக ஓதக் கற்ற பிள்ளையின் குர்ஆன் கிராஅத்தையும் பதிந்து திருப்பி அனுப்பினார்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. இங்கிலாந்துக்குக் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பங்களும் இப்படித்தான் கேசட்டில் பேசி அனுப்பிக்கொண்டார்கள். அவற்றைத் தேடிச் சேர்க்க வாஜித் யாசீன் என்ற ஒலிக் கலைஞர் 'டேப் லெட்டர்ஸ்' என்ற திட்டத்தை அங்கே தொடங்கி நடத்துகிறார். மலையாளத்தில் எஸ்.ஏ.ஜமீல் பாடிய 'துபாய்க் கத்துப் பாட்டு' கணவனுக்கு மனைவி எழுதும் கடிதமாக அமைந்தது. கேரளத்தில் அது எத்தனை வீடுகளைக் கலங்கடித்தது என்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும். சார்லஸ் ஹிர்ஷ்கைண்ட் என்ற மானிடவியலாளர் கெய்ரோ நகரத்துப் பயான் கேசட்டுகளை மட்டுமே வைத்து 2006-ல் ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். டாக்சியிலும் கடையிலும் அந்தக் கேசட்டுகளை மக்கள் எப்படிக் கேட்டார்கள் என்பதுதான் அதன் பொருள். உலகம் இவ்வளவு மதிப்போடு பார்க்கும் ஒன்று நம் பரணில் இருக்கிறது.

இனி பெட்டிக்கு வருவோம்.

கேசட்டை பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. லூ ஓட்டன்ஸ் என்ற டச்சுப் பொறியாளரின் குழு செய்தது. 3.81 மில்லிமீட்டர் அகல நாடா, வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகம். இந்த அளவுகளைக் கறாராகக் கடைப்பிடித்தால் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று பிலிப்ஸ் மற்ற நிறுவனங்களுக்கு உரிமையை விட்டுக்கொடுத்தது. அதனால்தான் 1985-ல் ரியாத்தில் ஒரு ஜப்பான் பெட்டியில் பதிந்த குரல் இன்று சிதம்பரத்தில் வேறொரு கம்பெனிப் பெட்டியிலும் ஓடுகிறது.

ப்ளூடூத் பிறந்த கதையும் ஏறத்தாழ இதுதான். 1994-ல் சுவீடன் நாட்டு லுண்ட் நகரில், எரிக்சன் நிறுவனத்தில், கருவிகளுக்கு நடுவே ஓடும் ஒயர்களை ஒழிப்பதற்காகத் தொடங்கிய வேலை. 1998-ல் எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து இதைப் பொது விதியாக்கின. ஸ்டீரியோ ஒலியை அனுப்புவதற்கான விதி 2003 வாக்கில் வந்தது. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 79 தடங்களுக்கு நடுவே, வினாடிக்கு 1,600 தடவை தாவித் தாவிப் பேசுகிறது. ஒரு தடத்தில் இரைச்சல் இருந்தாலும் அடுத்த தடத்துக்குப் போய்விடும். இப்படித் தாவும் எண்ணத்துக்கு 1942-லேயே ஒரு காப்புரிமை இருக்கிறது. வாங்கியவர்கள் ஹெடி லமார் என்ற நடிகையும் ஜார்ஜ் ஆன்தைல் என்ற இசையமைப்பாளரும். தானாக வாசிக்கும் பியானோவில் ஓடுமே, துளையிட்ட காகிதச் சுருள், அதை வைத்து 88 அலைவரிசைகளுக்கு இடையே தாவலாம் என்று எழுதியிருந்தார்கள். பியானோவில் 88 கட்டைகள் அல்லவா! போர்க்காலத்தில் டார்பிடோவை எதிரி திசைதிருப்பாமல் காப்பதற்கான யோசனை அது. அதன் வேர் ஒரு இசைப்பெட்டியில் இருந்தது என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் மகிழ்ச்சி தருகிறது.

ஆக, உங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு பெட்டிகளும் உலகத்துக்குப் பொதுவான விதிகளின்படி செய்தவை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி மட்டும்தான் இருக்கிறது. டேப்பிலிருந்து வரும் ஒலி மின்சாரமாக ஒயரில் வருகிறது. ஸ்பீக்கர் அதை வானலையாக எதிர்பார்க்கிறது.

முதலில் ஸ்பீக்கரின் பின்பக்க ரப்பர் மூடியைத் திறந்து பாருங்கள். ஆக்ஸ் என்று போட்டு ஒரு வட்டத் துளை இருந்தால் உங்கள் வேலை முடிந்தது. இரண்டு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் பின் உள்ள ஒயர் ஒன்று வாங்கி, ஒரு முனையை டேப்பிலும் மறுமுனையை ஸ்பீக்கரிலும் செருகினால் போதும். ப்ளூடூத்தே தேவையில்லை. இதைவிட நல்ல வழியும் கிடையாது. இப்போது வரும் பல ஸ்பீக்கர்களில் அந்தத் துளையை எடுத்துவிட்டார்கள். அப்போதுதான் ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர் வேண்டும்.

இங்கேதான் பத்தில் எட்டுப் பேர் தவறான பொருளை வாங்கிவிடுகிறார்கள். வீராணம் ஏரிக்கு வடவாறு தண்ணீரைக் கொண்டுவருகிறது; வெள்ளியங்கால் ஓடை உபரியை வெளியே கொண்டுபோகிறது. பார்க்க இரண்டும் வாய்க்கால்தான், திசை வேறு. அதுபோல, கார்களில் செருகுவதற்கென்று மலிவாகக் கிடைக்கும் ப்ளூடூத் குச்சிகளில் பெரும்பாலானவை ரிசீவர்கள். மொபைலிலிருந்து வாங்கி ஒயருக்குத் தரும். நமக்கு வேண்டியதோ ஒயரிலிருந்து வாங்கி வானில் விடுவது, டிரான்ஸ்மிட்டர். அட்டையில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு வேலையும் செய்யும் கருவிகளும் உண்டு. அவற்றின் பக்கவாட்டில் டி.எக்ஸ்., ஆர்.எக்ஸ். என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது டி.எக்ஸ். பக்கம் இருக்க வேண்டும்.

இணைக்கும்போது வீட்டில் உள்ள எல்லா மொபைலிலும் ப்ளூடூத்தை அணைத்துவிடுங்கள். மறந்தால் ஸ்பீக்கர் ஏற்கெனவே பழகிய பேரனின் மொபைலோடு போய் ஒட்டிக்கொள்ளும், நம் டிரான்ஸ்மிட்டரைத் திரும்பிப் பார்க்காது. பிறகு ஸ்பீக்கரின் ப்ளூடூத் பொத்தானை விளக்கு மின்னும்வரை அழுத்துங்கள், டிரான்ஸ்மிட்டரையும் அப்படியே. இரண்டையும் அருகருகே வைத்துச் சற்றுப் பொறுங்கள். திரை இல்லை, பட்டியல் இல்லை. அவையே ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிக்கும். விளக்கு மின்னுவது நின்று நிலையாக எரிந்தால் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

இனி டேப்பில் எந்தத் துளையில் செருகுவது? லைன் அவுட் இருந்தால் அதுதான் சிறந்தது. ஒலியின் அளவு அங்கே மாறாமல் வரும். நம் ஊர்ப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது இயர் அல்லது போன்ஸ் என்ற துளை. அதில் செருகியதும் பெட்டியின் சொந்த ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். பயப்பட வேண்டாம், அதன் அமைப்பே அப்படி. வால்யூமைப் பாதியில் வைத்து, மீதியை ஸ்பீக்கரில் கூட்டிக்கொள்ளுங்கள். டேப்பில் முழுக்கத் திருகி வைத்தால் டிரான்ஸ்மிட்டர் தாங்காமல் ஒலி உடையும். நாடா அளவு மீறினால் மெல்ல மங்கலாகும். டிஜிட்டல் அளவு மீறினால் கண்ணாடி மாதிரி நொறுங்கிக் காதைக் கிழிக்கும்.

மோனோ பெட்டியில் ஒரு சிக்கல் வரலாம். ஒற்றை ஸ்பீக்கர் வைத்த சின்ன டேப்புகளின் இயர் துளை மோனோ பின்னுக்கானது. அதில் ஸ்டீரியோ பின்னைச் செருகினால் இடப்பக்கம் மட்டும் ஒலி கேட்கலாம். மோனோவை ஸ்டீரியோவாகப் பிரிக்கும் சின்ன அடாப்டர் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும், அதை நடுவில் போட்டால் தீர்ந்தது. இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெரிய ஸ்டீரியோ செட்டின் பின்னால் சிவப்பும் கறுப்புமாக ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர்களை வெட்டி இதில் கட்டாதீர்கள். அங்கே வருவது ஸ்பீக்கரைத் தள்ளுவதற்கான சக்தி. டிரான்ஸ்மிட்டர் போய்விடும், சில ஆம்பிளிஃபயர்களில் ஐ.சி.யும் சேர்ந்து போகும். அந்த மாதிரி செட்டுகளில் சிவப்பு வெள்ளை ஆர்.சி.ஏ. துளைகள் தனியாக இருக்கும், அவைதான் நமக்கு.

ஐபாட் வைத்திருப்பவர்களும் சிலர் இருப்பீர்கள். 2001-ல் வந்த அந்த வரிசையில் 2012-ல் வந்த ஏழாம் தலைமுறை நானோவுக்கும், டச் வகைகளில் முதல் தலைமுறை தவிர மற்றவற்றுக்கும்தான் ப்ளூடூத் உண்டு. கிளாசிக்குக்குக் கடைசிவரை கிடையாது. அதற்கும் இதே டிரான்ஸ்மிட்டர்தான். ரெக்கார்டு பிளேயருக்கு மட்டும் கணக்கு வேறு. காந்த முள் தரும் ஒலி சில மில்லிவோல்ட்தான், நடுவில் ஃபோனோ பிரீ-ஆம்ப் வேண்டும். நம் வீடுகளில் இருந்த எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்றவற்றில் இருப்பது வேறு வகை முள், அதற்கு அது வேண்டியதில்லை.

'காற்றில் போனால் ஒலித்தரம் குறையாதா?' என்று கேட்கிறார்கள். குறுந்தகட்டைப் போட்டுக் கூர்ந்து கேட்பவருக்கு அது நியாயமான கேள்வி. கேசட்டுக்குப் பொருந்தாது. வீட்டு டேப்பில் பதிந்த சாதாரண நாடா அதிகபட்சம் 12, 15 கிலோஹெர்ட்ஸ் வரைதான் எட்டும். அடியில் எப்போதும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் உண்டு. ப்ளூடூத் எடுத்துச் செல்லக்கூடியது அதைவிட அதிகம். நாடாவில் இருப்பது முழுசாக வந்து சேரும். இழப்பு ஒன்று உண்டு, அது நேரத்தில். ஒலி பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு வினாடி தாமதமாக வரும். பாட்டுக்கும் பேச்சுக்கும் அது தெரியாது. ஆனால் மேடையில் மைக்குக்கு இந்த முறையை வைத்துவிடாதீர்கள். தன் குரலே பின்தங்கிக் காதில் விழுந்தால் எப்பேர்ப்பட்ட பேச்சாளருக்கும் நாக்குப் பிறழும்.

இவ்வளவும் இணைப்பு. இதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் உயிரான வேலை, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பெட்டியை எடுத்ததும் பிளக்கைச் சொருகாதீர்கள். பின்பக்கம் 110, 220 என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சவுதி வீடுகளில் நெடுங்காலம் 127 வோல்ட் மின்சாரம் இருந்தது. அங்கே வாங்கிய பெட்டி அந்த நிலையிலேயே பரண் ஏறியிருக்கலாம். நம் ஊரில் 230 வோல்ட். அப்படியே சொருகினால் டிரான்ஸ்பார்மர் புகைந்துவிடும். இந்த ஒரு சுவிட்சைப் பார்க்காமல் போன பெட்டிகளை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. அடுத்து பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பழைய பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தால் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் முப்பது நாற்பது வருடத்தில் தளர்ந்திருக்கும், சில பெட்டிகளில் தாராக உருகியே இருக்கும். அப்போது குரல் இழுத்து இழுத்து வரும், அல்லது நாடாவைப் பெட்டி தின்றுவிடும். ஆகையால் முதலில் அத்தாவின் கேசட்டைப் போடாதீர்கள். போனால் போகட்டும் என்ற ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டைப் போட்டு, ஒரு பக்கம் முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பழுப்பாக வரும், வெள்ளையாகும்வரை துடையுங்கள். ரப்பர் உருளைக்கு ஈரத் துணியே போதும்.

கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் சின்னப் பிளாஸ்டிக் தகடு இருக்கும். இரண்டையும் இன்றே உடைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை யாராவது கைதவறிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் குரல் அழியும், திரும்ப வராது. வீட்டுக்குப் போனதும் முதலில் இதைச் செய்யுங்கள், மற்றதெல்லாம் அடுத்த வாரம்கூடச் செய்யலாம்.

நாடாவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. கடலூர் மாவட்டத்து ஈரக்காற்றில் இது சாதாரணம். அதை ஓட்டாதீர்கள், ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். 2015 வெள்ளத்தில் நனைந்த கேசட்டுகளை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். உள்ளே சேறு காய்ந்திருந்தால் கேசட்டின் ஓட்டைத் திறந்து, நாடாவைக் கழுவி, நிழலில் உலர்த்தி, வேறு ஓட்டுக்கு மாற்ற வேண்டும். தெரிந்தவர் செய்தால் பல நேரம் குரல் மீண்டுவிடுகிறது. நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தாலும் இதே ஓடு மாற்றும் வேலைதான். ஒலி மங்கலாகக் கேட்டால் நாடா கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பதிந்த பெட்டியின் ஹெட் சாய்வும் இந்தப் பெட்டியின் சாய்வும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஹெட் பக்கத்துத் திருகை ஒரு கால் சுற்று திருப்பியதும் பேச்சு பளிச்சென்று வந்ததை என் மேசையில் பலர் பார்த்திருக்கிறார்கள்.

ஸ்பீக்கரில் ஒலிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடாதீர்கள். அதே நாளில் அதே துளையிலிருந்து, யு.எஸ்.பி. ஆடியோ கேப்சர் என்று கிடைக்கும் கருவி வழியாகக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். ஒரு மணி நேரக் கேசட், சுருக்காமல், சுமார் 600 எம்.பி. ஆகும். இன்றைய மெமரி கார்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே ஓர் எச்சரிக்கை விடுத்தது: 2025-க்குள் பிரதி எடுக்காத நாடாக்களில் பெரும்பகுதியை இழக்க நேரும் என்று. நாடா மக்குவது மட்டும் காரணமில்லை. ஓட்டும் பெட்டிகளும், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும், உதிரிப் பாகங்களும் குறைந்துகொண்டே போவதும் காரணம். அந்தக் கெடு வந்துவிட்டது. சிதம்பரத்தில் இந்த வேலை தெரிந்த கடைகளை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பிரதிதான் இருக்கிறதே, ஸ்பீக்கர் எதற்கு என்று ஒரு தம்பி சற்று முன் வெளியே கேட்டார். காதில் மாட்டி ஒருவர் கேட்டால் ஒருவருக்கு மட்டும்தான் கேட்கும். கூடத்தில் ஒலித்தால் வீட்டில் உள்ள பெரியம்மா, 'இது என் தம்பி குரல் இல்லை, அவன்கூட அறையில் இருந்த பையன்' என்று சொல்வார். பின்னணியில் கேட்கும் குழந்தை யார், அழைக்கப்படும் அந்தச் செல்லப் பெயர் யாருடையது, பேச்சில் வரும் நிக்காஹ் யார் வீட்டு நிக்காஹ் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். நாடாவில் அது பதிவாகவில்லை. ஆகவே கேட்கும்போது ஒருவர் நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். எத்தனையாவது நிமிடத்தில் யார் பேசுகிறார் என்று எழுதி, அந்தத் தாளைக் கேசட் உறைக்குள்ளேயே மடித்து வையுங்கள். தனிப்பட்ட பேச்சு இருந்தால், பேசியவரோ அவர் மனைவியோ முதலில் தனியாகக் கேட்கட்டும். அவர்கள் சம்மதித்த பிறகு மற்றவர்களுக்குப் போடுங்கள், வாட்ஸாப்பில் சுற்றுக்கு விட்டுவிடாதீர்கள்.

சிலர் பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறீர்கள், மிக்க நன்றி. என்னிடம் இரண்டு டிரான்ஸ்மிட்டரும், மோனோ அடாப்டரும், பஞ்சும் ஆல்கஹாலும் இருக்கின்றன. ஒவ்வொருவராக இந்த மேசைக்கு வாருங்கள். வோல்டேஜ் சுவிட்சைப் பார்த்த பிறகுதான் எதையும் கரண்டில் போடுவேன், சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.